நீச்சல் தெரிந்த நெல்லும் நாட்டாமையின் நல்லேரும்

அடுப்புக்குள்ளே தவளை குடியிருந்து பார்த்திருக்கீங்களா? இல்லையா? அப்படியானால் நீங்கள் மடுக்கரைக்காரர் இல்லை, மேட்டுப்பக்கத்து ஆள். சரி, கேளுங்க.

ஒரே ஒரு ஊரிலே, ஆறு கடலுக்குள்ளே போகிறதுக்கு முன்னாலே கால் நீட்டிச் சோம்பல் முறிக்கிற இடத்திலே, மடுக்கரை மடுக்கரை என்று ஒரு பள்ளத்து ஊர். ஐப்பசி பிறந்தால் போதும், ஆறு கேட்காமல் கொள்ளாமல் ஊருக்குள்ளே வந்துவிடும். முதல் நாள் வயலுக்கு வரும், இரண்டாம் நாள் வாசலுக்கு வரும், மூன்றாம் நாள் அடுப்புக்கே வந்துவிடும். அப்புறம் ஒரு தவளை அடுப்பிலே ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டு, "சோறு எங்கே, சோறு எங்கே" என்று கத்தும். சோறு எங்கேயிருந்து வரும்? நாற்று சாண் உயரம், தண்ணீர் ஆள் உயரம். பயிர் மூச்சுமுட்டி அழுகிப்போகும்.

அந்த ஊரிலே வேம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு புருஷன், பெயர் சடையன். ஒரு எருமைக்கிடா, பெயர் மொக்கை. சடையன் தங்கமான மனுஷன்தான், ஆனால் வாயிலே எது வந்தாலும் வெளியே விழுந்துவிடும். காலையிலே அவனிடம் ஒரு ரகசியம் சொன்னால் மத்தியானம் அது பக்கத்து ஊரிலே கறி வாங்கிக்கொண்டிருக்கும். மொக்கைக்கு ஒரு கொம்பு முறிந்திருக்கும், விலா எலும்பை எண்ணிவிடலாம், ஆனால் இழு என்றால் இழுக்கும், நில் என்றால் நிற்கும். வீட்டிலே புத்தியுள்ள ஆண்பிள்ளை மொக்கைதான் என்று வேம்பாயி சொல்வாள். சடையனும் ஆமாம் என்பான்.

இரண்டு வருஷம் அவர்கள் பயிர் மூழ்கியது. மூன்றாம் வருஷமும் மூழ்கியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கலயம் விதைநெல். கலயத்து வாயைத் துணியால் கட்டி, கூரையிலே ஏறி உட்கார்ந்து, மடியிலே பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வேம்பாயி சொன்னாள்:

"இன்னும் ஒரு தரம் முங்கிச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுதுங்க. கதவைக் கயிறு போட்டுக் கட்டிட்டு மேட்டுவீட்டுக்குப் பண்ணைவேலைக்குப் போயிர வேண்டியதுதான்."

"அங்கே கஞ்சியாவது ஊத்துவாங்க, புள்ள."

"ஊத்துவாங்க. அந்தக் கஞ்சியிலே உங்க மூஞ்சி தெரியும். பருக்கை தெரியாது."

மேட்டுவீடு யார் வீடு தெரியுமா? நாட்டாமை உலகப்பன் வீடு. ஊருக்கே மேடான நிலம் அவருடையது, அதற்கு மேலே ஒரு ஏரியும் அவருடையது. வெள்ளம் அவர் வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அவரிடம் இரண்டு வெள்ளைக்காளை, முறுக்கின மீசை, அப்புறம் ஒரு வழக்கம். அந்த வழக்கந்தான் இந்தக் கதைக்கே முடிச்சு, காதைக் கொடுத்துக் கேளுங்க.

வருஷத்து முதல் ஏர், அதாவது நல்லேர், நாட்டாமைதான் கோயில் வயலிலே பூட்டவேண்டும். மண் படுத்துத் தூங்குகிறதாம், நாட்டாமை கலப்பை தொட்டு எழுப்பினால்தான் எழுந்திருக்குமாம். அவர் ஒரு சால் ஓட்டி, தேங்காய் உடைத்து, விளக்கு ஏற்றி, பெண்கள் குலவை போட்ட பிறகுதான் மற்றவர்கள் ஏர் மண்ணைத் தொடலாம். அதற்கு முன்னாலே தொட்டால் மண்ணுக்குக் கோபம் வந்துவிடும்.

சித்திரையிலே ஊரே போய்க் கேட்கும், "நாட்டாமை அய்யா, நல்லேர் எப்போ?" அவர் சொல்வார், "காளைக்கு ஜலதோஷம்." வைகாசியிலே போய்க் கேட்கும், "அய்யா, நல்லேர் எப்போ?" "பல்லி சொல்லிருச்சு, இப்ப வேண்டாமாம்." ஆனியிலே போய்க் கேட்கும், "அய்யா, நல்லேர்?" "மீசை ஒரு பக்கம் நரைச்சிருக்கு. ஒரு பக்க மீசையோட மண்ணை எழுப்பினா மண்ணு என்ன நினைக்கும்?" இப்படியே ஆவணி வந்துவிடும். ஆவணியிலே விதைத்தது ஐப்பசியிலே சாண் உயரம் இருக்கும், வெள்ளம் வரும், முழுகும். முழுகியவர்கள் எல்லாரும் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுவீட்டு வயலுக்குக் களை பறிக்கப் போவார்கள். மடுக்கரைக்காரர்கள் ஆற்றைத் திட்டுவார்கள், வானத்தைத் திட்டுவார்கள், தவளையைத் திட்டுவார்கள். நாட்டாமையைத் திட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பாருங்க.

கூரைமேலே உட்கார்ந்திருந்தாளே வேம்பாயி, அவள் கண்ணுக்கு நடுவெள்ளத்திலே ஒன்று தெரிந்தது. ஒரு கானாங்கோழி. கறுப்பு முதுகு, வெள்ளை நெஞ்சு. மடு இருந்த இடத்திலே நாலு தாள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நிற்க, அதிலே கூடு கட்டிக்கொண்டு ஜம்மென்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஏ கானாங்கோழி, எங்க வீடே முங்கிப்போச்சு, உன் கூடு மட்டும் எப்படி முங்கலை?"

"முட்டைமேல இருக்கேன். பேச நேரமில்லை."

வேம்பாயி கூரையிலே ஏறியிருந்த நத்தை ஒன்றை எடுத்து எறிந்தாள். கோழி லபக்கென்று விழுங்கியது. "இப்பச் சொல்லு." "தொண்டையிலே ஓடு சிக்கியிருக்கு, பேச முடியலை." இன்னொரு நத்தையை எறிந்தாள். "இப்பச் சொல்லு." "இது கொஞ்சம் சின்ன நத்தை." மூன்றாவதாகக் கொழுத்த நத்தையாகப் பார்த்து எறிந்தாள். அப்புறந்தான் கோழி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"நான் கூடு கட்டியிருக்கிறது நெல்லுத்தாளுலே, அக்கா. இந்த மடுவுக்குள்ளே தானா முளைக்கிற நெல்லு. தண்ணி ஒரு சாண் ஏறினா இது ஒண்ணரைச் சாண் ஏறும். என் கூடும் அதோட ஏறும்."

"நெல்லா? நீச்சல் தெரிஞ்ச நெல்லா? எங்களுக்கும் குடேன்."

"தையிலே பழுக்கும். வந்து ஆளுக்கொரு மடி உருவிக்கங்க. ஆனா ஒண்ணு. இது பொறக்கும்போதே நீச்சல் தெரிஞ்சு பொறக்கலை. நாலஞ்சு மாசம் தரையிலே நின்னு கால் ஊனணும், அப்புறந்தான் தண்ணியோட மல்லுக்கு நிக்கும். சித்திரைப் புழுதியிலே விதைச்சாப் பிழைக்கும். ஆவணியிலே விதைச்சா உங்க நெல்லு மாதிரியே இதுவும் முங்கும்."

வேம்பாயி ஆவணியிலேயிருந்து ஐப்பசிவரை விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "அப்போ எங்களை முக்கினது ஆறு இல்லையா?"

"நான் கோழி. எனக்கு எதுக்கு ஊர்வம்பு?"

"சரி, விதைக்குக் கைம்மாறு?"

"அறுப்பன்னைக்குச் சொல்றேன், போ."

தை வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் மடுவுக்குப் போய் ஆளுக்கொரு மடி நெல் உருவிக்கொண்டு வந்தார்கள். சித்திரை வந்தது. கோடைமழை ஒன்று பெய்து மண் பதமாகி, 'என்னை உழேன், என்னை உழேன்' என்று மணத்தது. ஊர் போய் நாட்டாமையைக் கேட்டது. என்ன சொல்லியிருப்பார்? அதேதான். காளைக்கு ஜலதோஷம்.

வேம்பாயி பெண்களை எல்லாம் குளத்துப் படித்துறையிலே கூட்டினாள். என்ன பேசினார்கள் என்று ஆண்களுக்குத் தெரியாது. பேசி முடித்துச் சிரித்த சிரிப்பிலே படித்துறைக் கொக்குகள் பறந்துபோயின, அது மட்டும் தெரியும்.

முதல் நாள் காலையிலே வேம்பாயி மொக்கைக்கு எண்ணெய் தடவி, கழுத்திலே அரளிமாலை போட்டு, நாட்டாமை வீட்டு வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போது சத்தமாகச் சொன்னாள், "மெதுவா நட, மொக்கை. உன் நடையைப் பார்த்தா அய்யா வீட்டுக் காளைக்கு வெக்கமாயிரும்."

நாட்டாமை பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சி வாயிலேயே நின்றது.

இரண்டாம் நாளும் மாலை, அதே வாசல். "அந்தப் பக்கம் பார்க்காதே, மொக்கை. பாவம், அதுங்க வண்டியிலே பூட்டி ஊர்வலம் போற மாடுங்க. உழைச்ச மாட்டைப் பார்த்தா ஏங்கிப்போயிரும்."

நாட்டாமை வேப்பங்குச்சியைத் துப்பினார்.

மூன்றாம் நாளும் மாலை, அதே வாசல். இந்தத் தடவை பின்னாலே சடையனும் வந்தான். அவன் எதையாவது உளறிவிடுவானே என்று வேம்பாயி அவன் வாய் நிறைய அவலும் வெல்லமும் அடைத்து, "மெல்லுங்க, முழுங்காதீங்க" என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தாள்.

"மொக்கை, நேத்து அசலூர்க்காரர் ஒருத்தர் சொன்னாரு, மேட்டுவீட்டுக் காளைக்கு வெள்ளை தோலிலே மட்டும் இல்லையாம், ரத்தத்திலேயும் வெள்ளையாம்."

நாட்டாமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "எவன்டா சொன்னான்? ஏ சடையா, என்னடா பேசுறா உன் பொண்டாட்டி?"

"ம்ம்ம்," என்றான் சடையன், கன்னம் இரண்டும் உப்பி.

"பாத்தியா, சிரிப்பை அடக்குறான். இந்த எலும்புக்கூட்டு எருமை என் காளைக்கு ஈடா?"

"கோவிச்சுக்காதீங்க அய்யா," என்றாள் வேம்பாயி, தலையைக் குனிந்துகொண்டு. "வேணும்னா ரெண்டும் கல்லு இழுத்துப் பாக்கட்டுமே."

"என் காளை என்ன கல்லுடைக்கிறவன் மாடா?"

"அப்போ கமலை இறைச்சுப் பாக்கட்டுமே."

"என் ஏரித் தண்ணி மதகைத் திறந்தா தானா ஓடிவரும். என் காளை எதுக்குக் கமலை இறைக்கணும்?"

"அப்போ வேண்டாங்க அய்யா. எதைச் சொன்னாலும் உங்க காளைக்கு ஆகாதுங்கறீங்க. மொக்கை, வா நாம போவோம். ஒரு கொம்பு இருந்தாலும் உனக்கு ஏர் இழுக்கத் தெம்பு இருக்கு…"

"நில்லு," என்றார் நாட்டாமை. "ஏரா? கொண்டா ஏரை. இந்த எருமை ஒரு சால் ஓட்டி முடிக்கறதுக்குள்ளே என் காளை ரெண்டு சால் ஓட்டும்."

"எங்கே ஓட்டறது, அய்யா?"

"ஊரே பாக்கணும்ல? கோயில் வயல்லேயே ஓட்டுறேன்."

கவனிச்சீங்களா? கோயில் வயல் என்று வேம்பாயி சொல்லவே இல்லை.

அரைநாழிகையிலே ஊரே கோயில் வயல் வரப்பிலே நின்றது. இந்தப் பக்கம் சடையன் ஜோடிக்கு ஒரு கிடாவை இரவல் வாங்கி மொக்கையோடு பூட்டினான். நாட்டாமைதான் முதலில் ஓட்டவேண்டும், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, என்றாள் வேம்பாயி. நாட்டாமை மீசையைத் தடவிவிட்டுக் கலப்பையை அழுத்தினார். ஹை ஹை என்றார். காளை பாய்ந்தது, மண் பிளந்தது, அழகாக ஒரு சால் விழுந்தது. அவ்வளவுதான். உலுலுலுலு என்று வரப்பு முழுக்கக் குலவை.

நாட்டாமைக்கு அப்போதுதான் உச்சந்தலையிலே ஏறியது. "ஏய், ஏய், இது நல்லேர் இல்லே. தேங்காய் உடைக்கலையே?"

படித்துறைக் கூட்டத்திலே இருந்த மூக்காயி தன் இடுப்பு முந்தானைக்குள்ளேயிருந்து தேங்காயை எடுத்துச் சடாரென்று கல்லிலே போட்டாள். சரிபாதியாக உடைந்தது.

"விளக்கு ஏத்தலையே?"

அவள் பக்கத்திலே நின்ற பொன்னரசி கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினாள். உள்ளே அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரம் பாக்கலையே?"

"நாட்டாமை எந்த நேரம் செஞ்சாலும் அதுதான் நல்ல நேரம்னு போன ஆவணியிலே நீங்களே சொன்னீங்களே, அய்யா," என்றாள் வேம்பாயி.

சடையன் அப்போதுதான் அவலை விழுங்கி முடித்தான். விழுங்கினதும், "இதுக்குத்தான் எனக்கு அவல் குடுத்தியா, புள்ள?" என்றான். ஊரே சிரித்தது. மண் எழுந்துவிட்டது, இனி அதை யார் தூங்கவைக்கிறது? அன்றைக்குச் சாயங்காலத்துக்குள்ளே மடுக்கரையின் எல்லா ஏரும் வயலிலே இறங்கிவிட்டன, மடுவிலே உருவிய நெல்லும் புழுதியிலே விழுந்துவிட்டது.

ஆனால் சிரிப்பு வயிற்றை நிறைக்காதே. ஆனி போனது, ஆடி வந்தது, வீட்டிலே ஒரு மணி தானியம் இல்லை. ஒரு நாள் வேம்பாயி அந்தக் கலயத்துத் துணியை அவிழ்த்தாள். விதைநெல்லைக் குத்திப் பொங்கினாள். குத்தும்போது உலக்கை கனத்தது. சடையன் சோற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் பங்கிலே பாதியை அவள் பக்கம் தள்ளினான். இனி இருப்பதெல்லாம் ஒரு கோழி கொடுத்த நெல்தான். அது மூழ்கினால் கதவுக்குக் கயிறுதான்.

ஐப்பசி பிறந்தது. ஆறு வந்தது. முதல் நாள் வயலுக்கு வந்தது, இரண்டாம் நாள் வாசலுக்கு வந்தது, மூன்றாம் நாள் அடுப்புக்கு வந்தது. வேம்பாயி கூரையிலே ஏறி வயலைப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் தண்ணீர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். தண்ணீருக்குமேலே பச்சைப் பச்சையாக ஊசி முனைகள். மூன்றாம் நாள் பார்த்தாள். ஊசியெல்லாம் தோகையாகி, காற்றிலே தலையாட்டிக்கொண்டு நின்றது.

மேட்டிலே நாட்டாமையும் பார்த்தார். அந்த வருஷம் தூக்குச்சட்டியோடு ஒருத்தரும் வரவில்லை. அசலூர் ஆட்களைக் கெஞ்சிக் கூட்டிவந்துதான் அவர் களை பறிக்கவேண்டியிருந்தது. வயிறு எரிந்தது. "ஆத்துத் தண்ணிக்குத்தானே தப்பிச்சீங்க, என் ஏரித் தண்ணியும் சேரட்டும்" என்று பட்டப்பகலிலே தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு ஏரி மதகுக்குப் போய் ஒரு பலகையை உருவினார். தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்ந்தது.

வேம்பாயி வாழைத்தண்டுத் தெப்பத்திலே ஓடிவந்தாள். "அய்யா, வேண்டாங்க. மார்கழியிலே உங்க வயலுக்குத் தண்ணி வேணும், மூடுங்க."

"உன் பயிர் முங்கிச்சா?"

"இல்லீங்க, தலை தெரியுது."

"அப்போ இன்னொரு பலகை." உருவினார்.

"அய்யா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பயிருக்குத் தாகம் தாங்காது."

"இப்போ முங்கிச்சா?"

"இல்லீங்க, அதுவும் சேர்ந்து ஏறுது."

"என்னையே ஏமாத்தின வாய்தானே இது. உன் பயிருக்குப் பயந்துகிட்டு என் பயிருக்கு அழுவுறியா?" என்று மூன்றாவது பலகையையும் உருவி வீசினார். அது வெள்ளத்திலே விழுந்து கடலுக்கே போய்விட்டது. அவள் வாழ்க்கையிலேயே நாட்டாமையிடம் கலப்படமில்லாத நிஜத்தைச் சொன்னது அன்றைக்குத்தான். அன்றைக்குத்தான் அவர் நம்பவில்லை.

ஏரி இரண்டு நாளிலே காலியானது. தண்ணீர் ஒரு சாண் ஏறியது, நெல் ஒண்ணரைச் சாண் ஏறியது. மார்கழி வந்தது, மழை நின்றுபோனது. மேட்டு வயலிலே கதிர் வெளியே வருகிற சமயம், மண் பாளம் பாளமாக வெடித்தது. அத்தனையும் பதர். பதருக்குக் கீழே வைக்கோல்கூடச் சரியாக இல்லை.

பள்ளத்திலே தையிலே அறுப்பு. முட்டளவு தண்ணீர் இன்னும் நின்றது. தெப்பத்திலே நின்றுகொண்டு கதிரை மட்டும் அறுத்துக் கட்டினார்கள். வேம்பாயி கடைசி மூலைக்கு வந்தாள். அங்கே கானாங்கோழி உட்கார்ந்திருந்தது. "அக்கா, கைம்மாறு இப்போ கேக்கறேன். ஒவ்வொரு வயல்லேயும் மூலையிலே ஒரு குத்து நெல்லுத்தாளை விட்டுட்டு அறுங்க. எங்களுக்கும் கூடு வேணும்ல?" வேம்பாயி அரிவாளை இடுப்பிலே சொருகினாள். மடுக்கரையிலே மூலைக்குத்தை ஒருத்தரும் அறுக்கிறதில்லை, அன்றையிலிருந்து.

அவ்வளவுதான் கதை. அவர்கள் உலை பொங்கியது, அடுப்புத் தவளை கோபித்துக்கொண்டு குளத்துக்கே குடிபோனது. வெள்ளத்துக்கு முன்னாலே எழுந்தவன் வெள்ளத்துக்குமேலே நிற்பான், அடுத்தவனைத் தூங்கவைத்தவன் தன் பாயையே நனைத்துக்கொள்வான்.

பொறுங்க, ஒன்று விட்டுப்போச்சு. மறுபடி சித்திரை வந்ததே, அப்போது நாட்டாமை என்ன செய்தார்? பள்ளத்து வீடுகள் கொடுத்த நெல்லிலேதான் அவர் வீட்டிலும் உலை பொங்கியது. கஞ்சிக்கு இல்லை, சோற்றுக்கே போதுமான நெல் கொடுத்தார்கள். ஆனால் வைக்கோல் பற்றாமல் வெள்ளைக்காளை இரண்டும் எலும்பும் தோலுமாக எழுந்திருக்கவே மாட்டாமல் கிடந்தன. இந்த வருஷம் காளைக்கு நிஜமாகவே ஜலதோஷம். சித்திரை முதல் வாரத்திலேயே அவர் வேம்பாயி வீட்டு வாசலுக்கு வந்தார். மீசை இரண்டு பக்கமும் நரைத்திருந்தது.

"வேம்பாயி, நாளைக்கு நல்லேர் பூட்டணும். உன் எருமையை ஒரு நாள்…"

"என்கிட்டே ஏன் கேக்கறீங்க, அய்யா?" என்றாள் வேம்பாயி, முறத்தைத் தட்டிக்கொண்டே. "எலும்புக்கூடுன்னு நீங்க சொன்னது அதைத்தானே. அதுகிட்டேயே கேளுங்க."

நாட்டாமை தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை, சடையன் மட்டும் இருந்தான். அதாவது, சாயங்காலத்துக்குள்ளே ஊருக்கே தெரிந்துவிடும். வேறு வழியில்லை. தோளிலே கிடந்த துண்டை எடுத்து இடுப்பிலே கட்டிக்கொண்டு, அசைபோட்டுக்கொண்டிருந்த மொக்கையின் முன்னாலே போய்க் கைகூப்பி நின்று சொன்னார்:

"மொக்கையண்ணே, பழசை மனசிலே வச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு சால் மட்டும் வந்து ஓட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே."